ஹெரால்டின் அசையாத டிரெயின் பிளக்: சேலம் நாட்குறிப்பு

ஜனவரி 4, ஞாயிறு

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது என் பழைய ஹெரால்டு காரின் இரண்டாவது கியர் கரகரவென்று அரைபடுவது சில மாதங்களாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. சென்னையில் 1961 முதல் தயாரான இந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டில் முன்னோக்கிச் செல்லும் நான்கு கியர்களுள் முதலாவதற்கு மட்டும் சின்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கி, அரைபடாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. ஆகவே ஓடும் வண்டியில் முதல் கியர் முரண்டு பிடித்தால் அது அதன் இயல்பு; இரண்டாவது முரண்டு பிடித்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று பொருள். கியர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அதன் எண்ணெயை வடித்து, அதனுடன் என்ன உலோகத்துகள் வருகிறது என்று பார்த்துவிட விரும்பினேன்.

வண்டியைச் சமதரையில் ஜாக்கியால் தூக்கி, நான்கு ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வைத்தேன். முதலில் கழற்றியது பக்கவாட்டில் உள்ள, எண்ணெய் ஊற்றும் பிளக்கை. எண்ணெய் முழுவதையும் வடித்த பிறகு ஊற்றும் பிளக் கழல மறுத்தால், வண்டியைக் கோரிமேடு வரைகூட ஓட்ட முடியாது. அது சிரமமின்றிக் கழன்றது. அடியில் உள்ள, எண்ணெயை வடிக்கும் டிரெயின் பிளக் அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது, அதன் சதுரத் தலையின் மூலைகள் பைப் ரின்ச்சின் பற்கள் பட்டு மழுங்கியிருப்பது தெரிந்தது. மேலும் அதனுடன் மல்லுக்கட்டாமல் இன்று நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

சாதாரண போல்ட்டின் தலைக்கு அடியில் வாஷர் இருக்கும். கசிவைத் தடுப்பது அந்த வாஷர்தான். இந்தப் பிளக்கில் வாஷர் இல்லை, ஏனெனில் அதன் மரையே கூம்பாகக் குறுகுகிறது. இவ்வகைப் பைப் மரைகளில் 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் குறையும். முடுக்க முடுக்க ஆப்பு இறங்குவது போல அது துளைக்குள் ஏறி, மரையோடு மரை நெருங்கி எண்ணெயை அடைக்கிறது. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அளவுக்கு மீறி முடுக்குகிறவர் கசிவைக் குறைப்பதில்லை, துளையின் விளிம்பை வெளிப்புறமாக இழுத்து, பெட்டியையே விரிசலுக்குத் தயார் செய்கிறார். இதை ஒவ்வொரு பட்டறையிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் கருத்து.

துருநீக்கி எண்ணெயைக் கீழிருந்து பீய்ச்சினால், மரைக்குள் ஏறுவதற்கு முன்பே சொட்டிவிடுகிறது. எனவே நனைத்த பஞ்சுத் துணியைப் பிளக்கைச் சுற்றி வைத்துக் கம்பியால் கட்டி, காலையிலும் மாலையிலும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய எட்டு மூலை சாக்கெட் ஒன்றை, மழுங்கிய தலைக்கு இறுக்கமாகப் பொருந்தும்படி லேத் பட்டறையில் திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 10, சனி

சூடு காட்டுவதற்கு முன் பேட்டரியை வெளியே எடுத்து, ஊற்றும் துளை வழியாகக் குழாய் செருகிப் பெரிய ஊசிக்குழலால் எண்ணெயை இயன்றவரை உறிஞ்சி எடுத்து, பெட்டியின் வெளிப்புறத்தில் படிந்திருந்த பிசுக்கை முழுவதும் துடைத்தேன். பிறகு புளோ லாம்ப்பின் தீயைப் பிளக்கின் மேல் படவிடாமல், அதைச் சுற்றியுள்ள வார்ப்பில் மெதுவாகச் சுழற்றிக் காட்டினேன். துளை விரிய வேண்டும், பிளக் விரியக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் தீயை நிறுத்தினால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். தெளித்த நீர்த்துளி சுர்ரென்று ஆவியாகும் பதம் வந்ததும் தீயை அணைத்து, பிளக்கின் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். உருகிய மெழுகு மரை இடுக்குக்குள் உறிஞ்சப்பட்டு மறைவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

சாக்கெட்டை மாட்டி நெம்பினேன். பிளக் கழலத் தொடங்கும்போது கைக்குத் தெரியும் தளர்வு வேறு. இரும்பு முறுக்கிக்கொள்ளும்போது தெரியும் நெகிழ்வு வேறு. பின்னதில் கையை விட்டால் கைப்பிடி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இன்று திரும்பியது. இதற்கு மேல் நீண்ட பைப்பைச் செருகி இழுத்தால் தலை முறியும், அல்லது பெட்டி உடையும். பொங்கலுக்குப் பட்டறைகள் அடைக்கப்படுவதற்குள் வெல்டிங்காரரை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 12, திங்கள்

வெல்டிங் அண்ணன் சிறிய இன்வெர்ட்டர் மெஷினோடு காலையிலேயே வந்துவிட்டார். அடியில் படுத்துப் பார்த்தவர், "ஏனுங்க, பாக்ஸ் மேல பொறி பட்டுச்சுன்னா விரிசல் விட்ருமுங்களே" என்றார். அவர் கவலை முற்றிலும் நியாயமானது. "அண்ணே, பாக்ஸைத் தொட வேண்டாம். தலைக்கு மேல பெரிய நட்டை உட்கார வெச்சு, நட்டோட ஓட்டைக்குள்ளயே ரொப்பிடுங்க" என்றேன். எர்த் கிளாம்ப்பைப் பிளக்குக்குப் பக்கத்திலேயே, பெட்டியின் மீது சுத்தமாகத் தேய்த்த இடத்தில் கடிக்க வைத்தோம். சேஸிஸில் வேறெங்காவது மாட்டினால் மின்னோட்டம் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைப் பொரித்துவிடக்கூடும். எண்ணெய்ப் புகை உள்ளே அடைபடாமலிருக்க ஊற்றும் துளையைத் திறந்தே வைத்து, மணல் வாளியோடு நான் அருகில் நின்றேன்.

நட்டுக்குள் உலோகம் நிரம்பி, பிளக் செக்கச்செவேலென்று ஆயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் இது நான் சனிக்கிழமை செய்ததற்கு நேர்மாறாகத் தோன்றும், ஏனெனில் இங்கே சூடாவது பிளக்தான். ஆனால் சூடேறி விரிய முயலும் பிளக்குக்கு வெளிப்பக்கம் இடமில்லை. சுற்றியுள்ள வார்ப்பு அதை நெருக்க, மென்மையாகிவிட்ட இரும்பு தன்னைத்தானே அமுக்கிக்கொள்கிறது. ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சற்றே சிறுத்துவிடுவதால், மரைகளுக்கிடையே இறுகிய துருப்பிடிப்பு உடைகிறது. பழைய வண்டிகளில் வேலை செய்வோர் நட்டு வைத்து வெல்டிங் செய்வதைக் கடைசி வழியாகக் கருதுகிறார்கள். தலை மழுங்கிய கூம்புப் பிளக்குக்கு அதுவே முதல் வழியாக இருக்க வேண்டும் என்று இன்று உறுதியாகத் தோன்றியது.

சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து, ரிங் ஸ்பேனரை மாட்டி, முதலில் முடுக்கும் திசையில் மிகச் சிறிதளவு அழுத்தி, பிறகு கழற்றும் திசையில் இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம்; பிளக் சுழன்றது. அண்ணன் "வந்துருச்சுங்க!" என்று உரக்கச் சொன்னார்.

மிச்சமிருந்த எண்ணெய் தட்டில் கருப்பாக விழுந்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மஞ்சளாக மினுக்கும் நுண்துகள்கள் தெரிகின்றன. அவை சின்க்ரோமெஷில் உள்ள வளையத்தின் தேய்மானம். நல்ல வேளையாக, பல் உடைந்த இரும்புச் சில்லு எதுவுமில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

துளையின் மரையைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் சுற்றிலும் பார்த்தேன், விரிசல் இல்லை. புதுப் பிளக்குக்குச் சிறிது மரைப் பசை தடவி, கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் எண்ணெய் நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்கினேன்.

எண்ணெய்க் கடையில் ஜிஎல்-4 தரத்தில், 90 என்ற கெட்டித்தன்மை கொண்ட கியர் எண்ணெய் கேட்டபோது, கடைக்காரர் ஜிஎல்-5 டப்பாவை எடுத்து வைத்து, "நாலைவிட அஞ்சு உசத்திதானுங்களே" என்றார். பின் அச்சின் பல்சக்கரங்களுக்கு அது உசத்திதான். ஆனால் அதில் கூடுதலாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் கூட்டுப்பொருள்கள் கியர் பாக்ஸில் உள்ள வெண்கல, பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும் என்று விளக்கி, ஜிஎல்-4 வரவழைத்து வாங்கினேன். காலியான பெட்டிக்கு 0.85 லிட்டர் போதும். ஊற்றும் துளையின் விளிம்பில் எண்ணெய் வழியத் தொடங்குவதே சரியான மட்டம்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி வந்து, கியர் பாக்ஸுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். மாலைவரை ஒரு சொட்டும் விழவில்லை. இரண்டாவது கியர் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக விழுகிறது, சூடானபின் மறுபடியும் அரைபடுகிறது. ஆகவே வளையங்களை மாற்றத்தான் வேண்டும். ஹெரால்டில் முன் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள மூடியைக் கழற்றினால் கியர் பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே தூக்கிவிடலாம். வளையங்கள் கிடைத்ததும் அந்த வேலையைத் தொடங்குகிறேன்.