யாரும் வராவிட்டாலும் '0' போடுங்கள்

தொற்றுநோய்க் கண்காணிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது: ஒரு நோயாளிகூட வராத வாரத்திலும் '0' என்று எழுதி அனுப்பியே ஆக வேண்டும். படிவமே வராவிட்டால், நோய் இல்லையா, இல்லை யாரும் பார்க்கவே இல்லையா என்று மேலே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

போலியோவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கை காலில் திடீரென்று தளர்வாதம் (தசை தளர்ந்து அசைக்க முடியாமல் போவது) வந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் தகவல் போக வேண்டும். வாதம் வந்த 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்து, குளிர் கெடாமல் ஆய்வகம் சேர்க்க வேண்டும். (வழியில் ஐஸ் உருகினால் அத்தனை அலைச்சலும் வீண்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், கியான்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) மாதிரி போலியோ அல்லாத வாதம் எந்த நாட்டிலும் கொஞ்சம் இருக்கும். 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒன்றாவது பிடிபடவில்லை என்றால், அங்கே வலை சரியாக விரிக்கவில்லை என்றே கணக்கு. "எங்களிடம் போலியோ இல்லை" என்று சொன்னால் மட்டும் எடுபடாது!

நோய் அடங்கியதும் 'இந்தக் கண்காணிப்புப் பிரிவுக்கு எதற்கு இவ்வளவு ஆட்கள்?' என்று கேட்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.