எங்கள் ஊர்க் குளக்கட்டின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிய அனுபவம்

வவுனியா மாவட்டத்தில் ஒரு சிறு குளம். அதன் கட்டுக்குக் கீழே பெரியப்பாவின் வயலும் வீடும். நான் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறேன். மாரி தொடங்கினால் கட்டு தாங்குமா என்ற கவலை எங்கள் வீட்டில் வழமை. ஆனால் அந்தக் கட்டை யாராவது பரிசோதித்தார்களா, என்ன தரம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கொழும்பிலிருந்தே அதைக் கேட்டு வாங்க முடிந்தது. வெளியூரில் இருந்துகொண்டு ஊரை நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் குளம் யாருடைய பொறுப்பு என்று பிடிக்க வேண்டும். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுப்பவை சிறு குளங்கள். பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ மகாவலி அதிகார சபையிடமோ இருக்கும். வாய்மூலம் கேட்ட இடங்களில் எல்லாம் இன்னொரு இடத்தைக் காட்டினார்கள். எழுத்தில் கேட்டால்தான் சரி என்று தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எந்த மொழியில் வேண்டும் என்று படிவத்திலேயே கேட்டிருக்கும். தமிழ் என்று எழுதுங்கள்.

கேள்வியை எழுதும் விதம்தான் முக்கியம். “எங்கள் குளம் பாதுகாப்பானதா?” என்று கேட்டால் யாரும் பதில் எழுத மாட்டார்கள், அது கோப்பில் இருக்கும் விஷயம் இல்லை. கோப்பில் இருப்பதைக் கேட்க வேண்டும்: கடைசிப் பரிசோதனை அறிக்கையின் நகல், திகதி, கட்டின் உயரம், வானின் (குளம் நிரம்பினால் மிஞ்சும் தண்ணீர் வழிந்தோடும் இடம்) நீளம், திருத்த வேலைக்கு மதிப்பீடு போட்டிருந்தால் அதன் நகல். பதில் தாமதமானது. மேன்முறையீடு செய்யப் போகிறேன் என்று கடிதம் அனுப்பிய பிறகு தாள்கள் தபாலில் வந்தன.

கட்டின் நிலை ‘நடுத்தரம்’. மேல்மட்டம் ஓரிடத்தில் தாழ்ந்திருக்கிறது. வெளிச்சரிவில் மரங்கள், கரையான் புற்றுகள். துருசுக்கு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்கு, வலப்பக்கம் கசிவு. வானில் மண்மூட்டை. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பெரியப்பாவுக்கு போன் எடுத்தேன். “தண்ணி கொஞ்சம் கூட நிக்கட்டும் எண்டுதான் வச்சவங்கள், தம்பி” என்றார். சிறுபோகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்ற தவிப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் மண்கட்டுக்கு மேலால் தண்ணீர் வழியத் தொடங்கினால் கட்டு கொஞ்ச நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சும் தண்ணீர் பத்திரமாகப் போக இருக்கும் ஒரே வழி வான். அதை அடைப்பது கட்டின் உயரத்தையே குறைப்பதற்குச் சமம்.

கசிவைப் பற்றி ஒரு பொறியியலாளர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மண்கட்டில் ஓரளவு கசியத்தான் செய்யும். தெளிந்த தண்ணீர் என்றால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து அசையாமல் வையுங்கள், அடியில் மண் படிகிறதா பாருங்கள் என்றார். மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டாலும் ஆபத்துதான். வேர் உக்கிய வழியே தண்ணீர் போகும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்களுடையது அதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கட்டுக்கு நேர் கீழே படுத்திருக்கும் குடும்பத்துக்குச் சிறு குளத்துத் தண்ணீரே போதும்.

அந்தப் பொறியியலாளரிடம் நான் கற்ற பெரிய விஷயம் வேறு. அமெரிக்கா போன்ற நாடுகளில் அணைக்கு இரண்டு தரம் கொடுக்கிறார்கள். ஒன்று, அணை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. மற்றது, உடைந்தால் கீழே என்ன அழியும் என்பது. உயிர் போகுமானால், கட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது உயர் ஆபத்து வகை. கட்டில் ஒரு கல்லும் நகராமலே அந்த வகை மாறலாம், கீழே வீடு வந்தால் போதும்.

எங்கள் அறிக்கையில் கட்டின் நிலை மட்டும்தான் இருந்தது. கீழே இருப்பது ‘வயல்’ என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தார்கள். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய குடும்பங்களின் வீடுகள் அங்கே இருக்கின்றன, ஒரு முன்பள்ளியும் இருக்கிறது. போதாதற்கு எங்கள் குளத்துக்கு மேலே இன்னொரு குளம். அது உடைந்தால் அந்தத் தண்ணீரும் எங்கள் கட்டில்தான் மோதும். ‘நடுத்தரம்’ என்ற சொல் இதையெல்லாம் மறைத்துவிடுகிறது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

கமக்காரர் அமைப்பு கூட்டம் போட்டு, கட்டுக்குக் கீழே உள்ள வீடுகளின் பட்டியலை எழுதியது. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு கமநல சேவை நிலையத்துக்குக் கொடுத்தோம். அதன் நகலை நான் கொழும்பில் பதிவுத்தபாலில் போட்டேன். மறுபரிசோதனைக்கு ஆள் வந்து பார்த்து, வீடுகளையும் முன்பள்ளியையும் பதிந்துகொண்டு போனார். மண்மூட்டைகளைக் கூட்டம் முடிந்த கையோடு இளைஞர்களே அகற்றிவிட்டார்கள். துருசு திருத்தத்துக்குப் பணம் இன்னும் ஒதுக்கவில்லை. அதுவரை பெருமழை நாட்களில் கட்டில் முறைபோட்டு ஆள் நடப்பது என்றும், கசிவு கலங்கினால் யார் முன்பள்ளிக்குச் சொல்வது, யார் துருசைத் திறப்பது என்றும் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். மதிப்பீட்டின் நகலைக் கேட்டு அடுத்த விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறேன்.