மாதக் காலண்டரில் ஒரு மணிமாலை

சென்னிமலையில் எங்கள் வீட்டுப் பரணில் பழைய மாதக் காலண்டர்கள் சுருட்டிக் கிடந்தன. வழவழப்பான தாள், அழுத்தமான வண்ணம். எடைக்குப் போட மனம் வரவில்லை. சித்திரையில் அவற்றை மணியாக்கத் தொடங்கினேன்.

முறை எளிது. 28 சென்டிமீட்டர் அகலமும் 40 உயரமும் உள்ள தாளில் இடது ஓரத்தில் 2 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. வலது ஓரத்திலும் அப்படியே, ஆனால் 1 சென்டிமீட்டர் தள்ளித் தொடங்க வேண்டும். புள்ளிகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கோடிட்டு இணைத்தால் ஒரு தாளில் 39 நீள முக்கோணங்கள் கிடைக்கும். அகன்ற முனையிலிருந்து கம்பியில் சுற்றி, கூர்முனையில் முடித்தால் நடுவில் பருத்த மணி வந்துவிடும்.

எனக்கு வரவில்லை. முதல் நாள் சுற்றிய அத்தனையும் கையை எடுத்ததும் விரிந்தன. பசை போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாகத் தடவினேன். தாள் நைந்ததுதான் மிச்சம்.

அம்மிச்சி, என் அம்மாவின் அம்மா, திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருடம் கைத்தறிக்குத் தார், அதாவது குச்சியில் ஊடை நூல், சுற்றியவர். ஒரு மணியை வாங்கி நகத்தால் அழுத்திவிட்டு, "முதல் சுற்று இளகினால் தார் முழுக்க இளகும், கண்ணு. நீ கடைசிச் சுற்றுக்குத்தான் பசை வைக்கிறாய்" என்றார். முக்கோணத்தை வாங்கி இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் துவண்டது, மறுபக்கம் விறைத்து நின்றது. "விறைப்பான பக்கமாகச் சுற்றினால் எப்படி நிற்கும்?"

துணிக்கு நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை என்று இருப்பது போலக் காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும், அதே காரணம்தான். கம்பியும் இழையும் ஒரே திசையில் இருந்தால் தாள் தானாகச் சுருளும். பரணில் கிடந்த தாள்களில் பாதிக்கு இழை குறுக்காக ஓடியது. அவற்றை உயரவாக்கில் வெட்டினேன். அன்றிலிருந்து ஒரு மணிகூட விரியவில்லை.

கம்பிக்கு முதலில் ஈர்க்குச்சி. ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்திருப்பதால் மணி கழல மறுத்தது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிதான் சரி. முதல் இரண்டு சுற்றுக்குப் பசை கூடாது, கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். அதை இறுக்கத்தாலேயே நிறுத்த வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில்தான் நொய்யல் கரைக் கொடுமணல், படிகத்திலும் சூதுபவளத்திலும் மணி கடைந்த பழைய ஊர். அகழாய்வில் வேலை முடியாத மணிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. கல்லைத் துளைக்க அவர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று ஸ்போக்ஸைப் பிடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். காகித மணியில் துளைதான் முதலில் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் மணி வளர்கிறது.

மைதாப் பசையை இரண்டே நாளில் விட்டுவிட்டேன், கரப்பான் தேடி வந்தது. ஃபெவிகால் போதும். மேற்பூச்சுக்கும் அதையே நீர் சேர்த்துப் பூசினேன். பளபளப்பாகக் காய்ந்தது. வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு அந்த மாலையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஈரோடு போய் இறங்கும்போது கழுத்து வியர்வையில் மணிகள் பிசுபிசுத்து, ரவிக்கையில் ஒட்டியிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பசை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும். இப்போது ஃபெவிகால் பூச்சு நன்றாகக் காய்ந்ததும் மேலே நிறமற்ற மர வார்னிஷ் மூன்று முறை பூசுகிறேன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முழு நாள் விட்டு. துளையின் வாய் இரண்டிலும் தூரிகை நுனியால் தொட்டுவிட வேண்டும். ஈரம் அங்கேதான் முதலில் நுழைகிறது.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. வெட்டி வைத்த முக்கோணங்கள் வாசல் தாண்டிப் பறந்தன, ஈர வார்னிஷில் புழுதி படிந்தது. அதனால் மணிகளைக் குச்சியோடு வாழைத்தண்டில் குத்தி, சமையலறை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறேன்.

அங்கே இப்போது 24 மணிகள் மூன்றாம் பூச்சில் காய்கின்றன. ஆனி மாதத் தாள் முழுக்க மயில் படம். கழுத்து நீலம் கூர்முனையில் அமைந்து வெளிச்சுற்றில் வரும்படி முக்கோணங்களை வெட்டியிருந்தேன். இடையிடையே பித்தளை முத்து வைத்துக் கோக்க வேண்டும். நூல் அம்மிச்சி தருகிறார், தார்க்குச்சியில் மீந்திருந்த மெர்சரைஸ்டு நூல், பளபளக்கப் பதப்படுத்திய பருத்தி நூல்.