0.1 புள்ளி

2012 லண்டன் ஒலிம்பிக், 50 மீட்டர் பிஸ்டல். வியட்நாம் ராணுவ அதிகாரி ஹோவாங் சுவான் வின்னுக்கு நான்காவது இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் நடுவில் 0.1 புள்ளி. பத்தாவதாக வந்திருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்!

நாலு வருஷம் கழித்து ரியோ. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்று. மிச்சம் ஒரே ஒரு குண்டு, வின் 0.2 பின்தங்கியிருக்கிறார். முன்னால் இருப்பவர் பிரேசிலின் ஃபெலிப்பே வூ. சொந்த நாடு, சொந்த ரசிகர்கள், ஒரே கூச்சல். வூ சுட்டது 10.1. மோசமில்லை. வின் சுட்டது 10.7!

202.5க்கு 202.1. வியட்நாமின் முதல் ஒலிம்பிக் தங்கம், அதுவும் ஒலிம்பிக் சாதனையோடு. அப்போது அவருக்கு வயது 41. சில நாளில் 50 மீட்டரில் வெள்ளியும் கிடைத்தது. அங்கே தங்கம் வென்ற தென்கொரியாவின் ஜின் ஜோங் ஓ நடுவில் 6.6 சுட்டுச் சொதப்பிவிட்டு மீண்டு வந்தவர், அது தனிக் கதை.

வியட்நாம் என்றாலே நம் ஆட்கள் ஹோ சி மின், ஜெனரல் கியாப் என்று போர்க்காலத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஹனோயில் பிறந்த ங்கோ பாவ் சாவ் கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2010ல் வாங்கியது நம்ம ஹைதராபாத்தில்தான். கணிதத்தின் வெவ்வேறு கிளைகளை இணைக்கப் பார்க்கும் லாங்லாண்ட்ஸ் திட்டத்தில் பல வருஷம் முட்டுக்கட்டையாக இருந்த ஒரு துணைத்தேற்றத்தை நிறுவியதற்காக. அதை எனக்குப் புரியும்படி யாராவது விளக்கினால் டீ, வடை என் செலவு.