பொருந்தாத பூவும் ஒரு கத்தரிக்கோலும்

ஊரிலிருந்து யார் வந்தாலும் லண்டன் பாலம், மணிக்கூண்டு, அரண்மனை வாசல் என்று சுற்றிக் காட்டிக் காட்டி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை நான்கு நாள் லீவு போட்டு, யாரையும் கூட்டிக்கொள்ளாமல், ரொம்ப நாளாக மனதில் இருந்த ஒன்றைச் செய்தேன். இங்கிலாந்தில் இன்னமும் கையால் பொருள் செய்கிற பழைய பட்டறைகள் இரண்டு மூன்றையாவது போய்ப் பார்ப்பது. என் அப்பா தையல்காரர், மிஷின் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். யாராவது ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தால் அங்கேயே நின்றுவிடுகிற பழக்கம் அப்போதே ஒட்டிக்கொண்டது.

முதலில் போனது ஸ்டோக்-ஆன்-டிரென்ட். பீங்கான் ஊர். நான் இருக்கும் லெஸ்டரிலிருந்து டெர்பி போய் ரயில் மாறி லாங்போர்ட் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி, கால்வாய்க் கரையோரமாகவே நடந்தால் மிடில்போர்ட் பாட்டரி வந்துவிடுகிறது. அந்தக் கால்வாயை வெட்டி முடித்தது 1777-ல். அதற்காக அலைந்தவர்களில் முக்கியமானவர் அந்தக் காலத்துப் பீங்கான் முதலாளி ஜோசையா வெட்ஜ்வுட். மேடும் பள்ளமுமான ரோட்டில் குதிரை மேல் பீங்கானை ஏற்றினால் போய்ச் சேரும்போது என்ன மிஞ்சும்? தண்ணீரில் போனால் குலுங்காது. வெள்ளைக் களிமண்ணும் கார்ன்வாலிலிருந்து கடல் வழியாக வந்து இந்தக் கால்வாயில்தான் ஏறியிருக்கிறது. நிலக்கரி மட்டும் காலடியிலேயே இருந்தது.

மிடில்போர்ட் 1889-ல் திறந்த தொழிற்சாலை. பர்லி என்ற பெயரில் நீலப் பூப்போட்ட கோப்பை, தட்டு எல்லாம் செய்கிறார்கள் (பர்ஜெஸ், லீ என்ற இரண்டு முதலாளிகளின் பெயரைச் சேர்த்து பர்லி, நம்மூர் ஜவுளிக்கடைப் பெயர் மாதிரிதான்). கட்டடம் இடிகிற நிலைக்கு வந்தபோது, அன்று இளவரசராக இருந்த சார்லஸ் தொடங்கிய ஓர் அறக்கட்டளை 2011-ல் அதை வாங்கிச் செப்பனிட்டு 2014-ல் திறந்துவிட்டது. உள்ளே இன்றும் வேலை நடக்கிறது. நான் மியூசியம் என்று நினைத்துப் போனேன், ஆனால் யாரும் எனக்காக எதையும் நடித்துக் காட்டவில்லை, குறுக்கே நின்றால் நகரச் சொன்னார்கள்.

அச்சுப் பதிக்கும் அறையில்தான் நான் அசையாமல் நின்றது. பூவேலை செதுக்கிய செப்பு உருளை ஒன்று, அதில் எண்ணெயில் குழைத்த கோபால்ட் சாயம் சூடாக ஏறுகிறது, சோப்புக் கரைசலில் நனைந்த மெல்லிய டிஷ்யூ காகிதம் அதன் மேல் ஓடி வெளியே வரும்போது நீளமாக, நீலமாக, ஈரப் புடவை போல வருகிறது. பக்கத்திலேயே பெண்கள் நிற்கிறார்கள். ஒரு முறை சுட்ட, இன்னும் பளபளப்புப் பூச்சு ஏறாத கோப்பையைக் கையில் எடுத்து, காகிதத்தைக் கத்தரியால் வெட்டி அதன் மேல் சுற்றி, கெட்டியான பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள் பாருங்கள், பித்தளை அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்ப்பது போல அவ்வளவு பலத்தோடு. அப்புறம் தண்ணீரில் அலசினால் காகிதம் நழுவிப் போய்விடுகிறது, பூ மட்டும் கோப்பையோடு தங்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் எண்ணெய் போகச் சூடாக்கி, பூச்சில் முக்கி, மறுபடி சுடுவது. இதே முறையில் இன்றும் தினசரி உற்பத்தி செய்கிற கடைசி இடம் இதுதான் என்கிறார்கள்.

தட்டையான காகிதத்தை உருண்டையான கோப்பையில் சுற்றினால் எங்காவது ஓர் இடத்தில் இரண்டு ஓரமும் சந்தித்துத்தானே ஆக வேண்டும்? அந்த இடத்தில் பூ பூவோடு சேராது. பாதி இதழ் ஒரு பக்கம், வேறொரு பூவின் காம்பு மறுபக்கம். சும்மா பார்த்தால் தெரியாது, காட்டிக் கொடுத்தால் தெரியும். அப்பா கோடு போட்ட துணியில் சட்டை தைக்கும்போது பாக்கெட்டின் கோடு சட்டையின் கோட்டோடு சேர வேண்டும் என்று துணியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார். இந்த அம்மாள்களும் அதையேதான் செய்கிறார்கள், கோணலான ஒரு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, நிமிடக் கணக்கில். எந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் கண்ணுக்குப் படாது என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது. முன்பு ஒருமுறை இப்படி ஒரு கோப்பையை வாங்கிவிட்டு, பிரிண்ட் சரியில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்தவன் நான். அங்கே நின்றபோது அது ஞாபகம் வந்தது, காது சூடாகிவிட்டது.

வெளியே முற்றத்தில் பாட்டில் வடிவத்தில் ஒரு சூளை. ஏழு இருந்ததில் மிச்சம் ஒன்று. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் உச்சியில் வட்டமாக ஒரு துண்டு வானம். அந்தக் காலத்தில் பீங்கானை நேராக நெருப்பில் வைக்காமல் சாகர் என்ற மண்பெட்டிகளில் அடுக்கி, அந்தப் பெட்டிகளைத் தலையில் சுமந்துபோய், ஏணியில் ஏறி, கூரை வரை அடுக்கியிருக்கிறார்கள். தலையில் தொப்பி, தொப்பிக்குள் சுருட்டிய பழைய காலுறை. சும்மாடு! அப்படியே நம்ம சும்மாடு. இதில் இன்னொரு வேலைக்கு 'சாகர் மேக்கர்ஸ் பாட்டம் நாக்கர்' என்று பெயர். சாகரின் அடித்தட்டுக்கான களிமண்ணை இரும்பு வளையத்துக்குள் போட்டு மரச்சுத்தியால் தட்டிக் கொடுக்கிற பையன், அவ்வளவுதான். பெயரென்னவோ கலெக்டர் உத்தியோகம் போல இருக்கிறது.

சரி, பழங்காலம் பொற்காலம் என்று எழுத நான் தயாராக இல்லை. ஒரு சூளையை ஒரு முறை எரிக்க 10 டன்னுக்கு மேல் நிலக்கரி பிடிக்கும், ஊர் முழுக்கச் சூளைகள், பகலிலேயே இருட்டு. பீங்கான் தூசி நுரையீரலில் படிந்து செத்தவர்கள் ஏராளம், பூச்சில் இருந்த ஈயத்தால் செத்தவர்கள் தனி. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்து, மின்சாரத்துக்கும் கேஸுக்கும் மாறிய பிறகுதான் இந்தப் புகைச் சூளைகள் அணைந்தன. அணைந்தது நல்லது.

நார்த்தாம்ப்டனுக்கு அரை நாள்தான் ஒதுக்க முடிந்தது. ஷூ ஊர். டிரிக்கர்ஸ் 1829-லிருந்து இருக்கிறது. தோல் வெட்டுபவருக்கு அங்கே கிளிக்கர் என்று பெயர், கத்தி தோலை விட்டு வெளியே வரும்போது எழும் சத்தத்தால் வந்த பெயராம். ஆனால் ஷூவைவிட எனக்கு மனதில் நின்றது ஊர் கால்பந்து அணியின் செல்லப் பெயர்: காப்ளர்ஸ். செருப்புத் தைப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அதைச் சொல்லிக்கொண்டு ஆள் ஆளுக்குக் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஐரோப்பா முழுக்க மாட்டிக்கொண்டு போகிற ஷூ தைக்கிறோம். அந்த வேலையின் பெயரை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஷெஃபீல்டு, கத்தரிக்கோலுக்காக. எர்னஸ்ட் ரைட் 1902-ல் தொடங்கிய கம்பெனி. 2018-ல் நொடித்துப் போய், நெதர்லாந்துக்காரர்கள் இருவர் வாங்கி மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். அங்கே இரண்டு அலகையும் சேர்க்கிற ஆளுக்குப் பட்டமே 'புட்டர்-டுகெதரர்', அதாவது சேர்த்து வைக்கிறவர்! கத்தரிக்கோலின் இரண்டு அலகும் தட்டையாக ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. லேசாக வில் போல வளைந்திருக்கின்றன. மூடும்போது ஒரே ஒரு புள்ளியில்தான் உரசும், அந்தப் புள்ளி அடியிலிருந்து நுனி வரை நகர்ந்துகொண்டே போகும். வளைவு போதாவிட்டால் துணி மடங்கும், அதிகமானால் கை வலிக்கும். ஒருவர் கத்தரியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, சுத்தியலால் டக் டக் என்று இரண்டு தட்டு, மறுபடி பார்வை, மறுபடி ஒரு தட்டு, அப்புறம் ஒரு துண்டுத் துணியை நுனியால் வெட்டிப் பார்த்தார். இது கைவர வருடக்கணக்கில் ஆகும் என்றார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அவர் எதைப் பார்க்கிறார் என்று கடைசி வரை புரியவில்லை.

இங்கே அழிந்துவரும் கைத்தொழில்களுக்கு ஒரு சிவப்புப் பட்டியலே போடுகிறார்கள். 2017-ல் வந்த முதல் பட்டியலில், நாட்டிலிருந்தே முற்றாக மறைந்த தொழில்களில் ஒன்று கையால் கிரிக்கெட் பந்து தைப்பது. கிரிக்கெட்டைக் கண்டுபிடித்த ஊரில்!

தையல்காரர் கத்தரியின் விலையைக் கேட்டதும் எடுத்ததை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டேன். அன்று ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். சின்ன வயதில் அவர் கத்தரியால் காகிதம் வெட்டி நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. "இது ஷெஃபீல்டு மாதிரிடா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார், நான் அந்த 'மாதிரி'யை விட்டுவிட்டு அது ஷெஃபீல்டுதான் என்றே இத்தனை வருடம் நம்பிவிட்டேன்.

"அப்பா, உங்க கத்தரிய எடுங்க. ஸ்க்ரூ பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டதாம். "எழுத்து எதுக்குடா? மீரட்டுல செஞ்சது. எழுபத்தெட்டுல சேட்டு கடைல நாந்தான வாங்குனேன்" என்றவர், போனுக்குப் பக்கத்தில் வைத்து அதை இரண்டு முறை திறந்து மூடிக் காட்டினார்.