மீனின் விருப்பம் எதை நாடுகிறது?

காமனின் கொடியில் மீன் இருக்கிறது. மகரக் கொடியோன் என்றும் மீனக் கொடியோன் என்றும் அவனைப் புலவர்கள் பாடினார்கள். பெண்ணின் கண்ணைக் கயல் என்றோ சேல் என்றோ கெண்டை என்றோ சொல்லாத காதற்பாட்டு தமிழில் அரிது. மகாபாரதக் கதையில் வரும் சத்தியவதி மீனின் வயிற்றில் பிறந்தவள், மேனியில் மீன் வாடை வீசியதால் மச்சகந்தி என்று அழைக்கப்பட்டவள். யமுனையில் ஓடம் செலுத்திய அவள்மீது பராசர முனிவர் கொண்ட ஆசையிலிருந்துதான் வியாசரே பிறக்கிறார். பிற நாட்டுக் கடலோரங்களிலும் இடுப்புவரை பெண்ணாகவும் அதன் கீழ் மீனாகவும் கடற்கன்னிகள் உலவினார்கள். 1493 ஜனவரியில் கரீபியன் கடலில் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகவும், ஓவியர்கள் வரைவதுபோல அவை அழகாக இல்லை என்றும் கொலம்பஸின் பயணக் குறிப்பு சொல்கிறது. அவர் கண்டவை மானட்டி என்னும் கடற்பாலூட்டிகளாக இருக்க வேண்டும் என்பதே இன்றைய கருத்து.

மனித ஆசை இவ்வளவு நெடுங்காலமாக மீனின் உருவைச் சுற்றி வந்திருந்தாலும், இந்தக் கதைகள் எதிலும் மீனுக்கென்று ஓர் ஆசை சொல்லப்படவில்லை. அதன் கண் நமக்கு உவமையாகிறது, வால் நம் கற்பனைப் பெண்ணுக்கு உடலாகிறது, வாடை ஒரு சாபமாகிறது. தனக்குரிய இணையை மீன் எவ்வாறு தேடுகிறது, எதைக் கண்டு மயங்குகிறது, அந்தத் தேர்வில் அதன் அறிவுக்கு என்ன பங்கு என்னும் கேள்விகளை உயிரியலாளர்கள் தீவிரமாகக் கேட்கத் தொடங்கி ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. கிடைத்திருக்கும் விடைகள் நம் பழங்கதைகளைவிட வியப்பானவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பேசத் தயங்குகிற ஒன்றை நேராகப் பேசிவிடலாம். விலங்குகள்மீது பாலியல் ஈர்ப்பு கொள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை உளவியல் நெடுங்காலமாகப் பதிவுசெய்து வருகிறது. அந்த ஈர்ப்பு மீனை நோக்கியும் எழக்கூடும். மனத்தில் எழும் ஈர்ப்புக்காக ஒருவரை இழிவுபடுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த ஈர்ப்பு செயலாக மாறினால் அதற்கு மீனின் தரப்பிலிருந்து மறுமொழி எதுவும் கிடையாது என்பதை உயிரியல் ஐயமின்றிக் காட்டுகிறது. எலும்பு மீன்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் புணர்ச்சி என்பதே இல்லை. பெண் முட்டைகளை நீரில் இட, ஆண் அவற்றின்மீது விந்தைச் செலுத்த, கருவுறுதல் உடலுக்கு வெளியே நடக்கிறது. மீனின் தோலை மூடியிருக்கும் சளிப்படலம் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம். மனிதக் கை அழுந்தினால் அது கலைந்துபோகும். வலி உணர்வுக்கும் சான்று உண்டு. லின் ஸ்னெடன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், டிரௌட் மீனின் முகத்தில் தீங்கை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் இரையை மறந்து உடலை ஆட்டிக்கொண்டும், உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்துக்கொண்டும் இருந்தன. மார்ஃபின் என்னும் வலிநீக்கி மருந்தைக் கொடுத்தபோது அந்த நடத்தை குறைந்தது. வலியை உணரும், ஆனால் இசைவையோ மறுப்பையோ நம்மிடம் தெரிவிக்க வழியில்லாத ஓர் உயிரின்மீது நம் ஆசையைச் சுமத்துவது அதற்குச் செய்யும் கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

மீனின் ஆசை மீனை நோக்கியது. ஆனால் அது எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதை 1930களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் நிக்கோ டின்பெர்கன் காட்டினார். ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு மீனில், இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் வயிறு சிவக்கும். மீனின் சாயலே இல்லாத பொம்மையானாலும் அடிப்பகுதியில் சிவப்பு பூசியிருந்தால் ஆண்மீன் அதைப் போட்டியாளனாக எண்ணித் தாக்கியது. மீனைப்போலவே செய்யப்பட்டு, சிவப்பு மட்டும் இல்லாத பொம்மையை அது பொருட்படுத்தவில்லை. வயிறு புடைத்த பொம்மையைக் காட்டினால் முட்டை நிறைந்த பெண் என்று நினைத்து அதன்முன் வளைந்து வளைந்து ஆடியது. சன்னலுக்கு வெளியே சிவப்பு அஞ்சல் வண்டி கடந்தபோது, தொட்டிகளில் இருந்த ஆண்மீன்கள் அந்தப் பக்கம் பாய்ந்தனவாம். விலங்கு நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் டின்பெர்கனுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்தச் சோதனைகளிலிருந்து, மீன் ஓர் இயந்திரம், விசையை அழுத்தினால் இயங்குவது என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். எனக்கு அது அவசர முடிவாகத் தோன்றுகிறது. ஒரு தாளில் வரைந்த கோடுகளைக் கண்டு மனிதனுக்கும் காமம் எழுகிறது; அதைக் கொண்டு மனிதனுக்கு அறிவில்லை என்று யாரும் முடிவு செய்வதில்லை. ஆசை சில அடையாளங்களில் சிக்கிக்கொள்வது உயிர்களுக்குப் பொதுவான இயல்பு. அந்த அடையாளங்களுக்கு அப்பால் ஓர் உயிர் எதை நினைவில் வைக்கிறது, எதை எடைபோடுகிறது என்பதைத் தனியாகத்தான் ஆராய வேண்டும்.

இன எல்லையைக் கடக்கும் ஈர்ப்பு மீன்களிடையே உண்மையிலேயே இருக்கிறது. டெக்சஸ், மெக்சிகோ பகுதிகளில் வாழும் அமேசான் மோலி என்னும் மீனில் அனைத்தும் பெண்களே. தாயின் நகலாகவே மகள்களைப் பெறும் முதுகெலும்பு விலங்கு ஒன்று உண்டு என்பது 1932இல் இந்த மீனின் மூலம்தான் முதன்முதலாக அறிவியலுக்குத் தெரியவந்தது. ஆனால் இந்தப் பெண்களின் கருமுட்டை வளரத் தொடங்க விந்தின் தூண்டுதல் தேவை. அதற்காக அவை, மீன் தொட்டி வைத்திருப்போருக்குப் பழக்கமான மோலி வகைகளுக்கு நெருங்கிய உறவான வேறு இனத்து ஆண்களோடு கூடுகின்றன. அந்த ஆணின் மரபணு பொதுவாகக் குஞ்சுகளைச் சென்றடைவதில்லை. தன் வழித்தோன்றல் ஒன்றுகூடப் பிறக்காத இந்த உறவில் ஆணுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு 1994இல் ஒரு விடை கிடைத்தது. ஓர் ஆண் அமேசான் மோலியோடு கூடுவதைத் தொலைவிலிருந்து கண்ட அதன் சொந்த இனத்துப் பெண்கள், பின்னர் அந்த ஆணையே கூடுதலாக நாடின. மற்றொரு பெண் தேர்ந்தெடுத்த ஆணைத் தானும் தேர்ந்தெடுக்கும் இப்போக்கைக் கப்பி மீன்களில் லீ டுகாட்கின் 1992இலேயே காட்டியிருந்தார். பிறர் செய்வதைப் பார்ப்பது, யார் யாரோடு இருந்தது என்று நினைவில் வைப்பது, அதைத் தன் தேர்வில் பயன்படுத்துவது ஆகிய மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன. விரலளவு மீனுக்குள் இவை நடக்கின்றன.

ஆண்மீனின் உழைப்புக்கு ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவைச் சொல்ல வேண்டும். அங்குக் கடலடி மணலில் ஏறத்தாழ 2 மீட்டர் அகலமுள்ள, கோலம் இட்டதுபோன்ற வட்டங்கள் இருப்பதை முக்குளிப்போர் 1995 முதல் கண்டு வந்தார்கள். அவற்றை வரைவது ஒரு சாண் நீளம்கூட இல்லாத பேத்தை மீன் ஒன்றின் ஆண் என்பது 2012வாக்கில்தான் தெளிவானது. துடுப்புகளால் மணலைச் சீய்த்து, ஆரக்கால்கள்போல மேடும் பள்ளமுமாக அமைத்து, மேடுகளில் சிப்பித் துண்டுகளை வைத்து அது ஒரு வாரத்துக்கும் மேலாக உழைக்கிறது. நுண்மணல் படிந்த நடுப்பகுதியில் பெண் முட்டையிட்டுச் செல்ல, ஆண் அங்கேயே தங்கி அவை பொரியும்வரை காக்கிறது. அடுத்த முறைக்குப் புதிய வட்டம் அமைக்கிறது.

தந்தைமை மீன்களில் அரிதான செய்தியும் அன்று. பார்வையாலேயே மீன் தன் குஞ்சுகளை வளர்க்கிறது என்ற பழைய நம்பிக்கையை மீனாட்சியின் அருட்பார்வைக்கு உவமையாகச் சொல்வார்கள். பார்வையால் முட்டை பொரிவதில்லை என்றாலும், கண்காணிப்பு உண்மை: நம் ஏரி, குளங்களில் செந்நிறக் குஞ்சுத் திரளுக்குக் கீழே தாயும் தந்தையுமாகக் காவல் நிற்கும் விராலைக் கிராமத்தார் அறிவார்கள். கடல் கெளுத்தியில் ஆண், முட்டைகளைத் தன் வாய்க்குள் சுமந்து, அவை குஞ்சாகும்வரை வாரக்கணக்கில் உண்ணாமல் திரிகிறது.

நான் மிக விரும்பிப் படித்தவை கிளீனர் ராஸ் என்று அழைக்கப்படும் துப்புரவு மீனைப் பற்றிய ஆய்வுகள். செங்கடல் முதல் பசிபிக் வரையிலான பவளப்பாறைகளில் வாழும் இந்த மீன் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம் உடையது. நீல உடலில் கறுப்புப் பட்டை ஓடும். பாறையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்று, அங்கு வரும் பிற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்பது இதன் பிழைப்பு. ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் லெக்ஸா குரட்டர் செய்த கணக்கின்படி, ஒரு மீன் நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. ஆனால் இதற்கு ஒட்டுண்ணியைவிட வாடிக்கை மீனின் சளிப்படலமே சுவையானது. அதைக் கடித்தால் வந்த மீன் துடித்து விலகும், துரத்தும், அல்லது வேறிடம் போய்விடும். எனவே ஒவ்வொரு முறையும் அது தன் நாவை அடக்க வேண்டியிருக்கிறது. பெரும்பரப்பில் நீந்தி வேறிடத்தையும் நாடக்கூடிய மீன் வந்தால் அதற்கு முதலிடம் கொடுத்து, அருகிலேயே குடியிருக்கும் மீனைக் காக்கவைக்கிறது. அடுத்த வாடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் கடிக்காமல் நேர்மையாக நடந்துகொள்கிறது. ரெடுவான் ப்ஷாரியும் குரட்டரும் 2006இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

இந்தப் பிழைப்பறிவு இதன் இல்லறத்தோடு பின்னிக் கிடக்கிறது என்பதுதான் வியப்பு. ஓர் ஆணும் பல பெண்களும் சேர்ந்து வாழும் கூட்டம் இது. எல்லா மீன்களும் பெண்ணாகவே தொடங்குகின்றன. ஆண் இறந்துவிட்டால் பெண்களில் மிகப் பெரியது சில மணி நேரத்துக்குள் ஆணைப்போல நடக்கத் தொடங்கி, இரண்டரை வாரத்துக்குள் விந்தை வெளியிடும் முழு ஆணாகிவிடுகிறது என்று ராஸ் ராபர்ட்சன் 1972இல் எழுதினார். அப்படியானால் நன்றாகத் தின்று கொழுக்கும் ஒவ்வொரு பெண்ணும் ஆணுக்கு நாளைய போட்டியாளன். ஆணும் பெண்ணும் இணைந்து ஒரு வாடிக்கை மீனைத் துப்புரவு செய்யும்போது பெண் சளியைக் கடித்து வாடிக்கையை விரட்டிவிட்டால், ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தித் தண்டிக்கிறது. தண்டனை பெற்ற பெண் அடுத்த முறை அடக்கத்தோடு நடக்கிறது. நிக்கோலா ரைஹானியும் சக ஆய்வாளர்களும் 2010இல் இதை வெளியிட்டார்கள். ஏறக்குறைய தன் அளவுக்கு வளர்ந்துவிட்ட பெண்ணை ஆண் கூடுதல் கடுமையுடன் துரத்துகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. இணை, ஊழியர், வருங்காலப் பகைவர் என்று ஒரே மீனைப் பல நிலைகளில் வைத்து நடத்தும் இந்த உறவை வெறும் இயல்பூக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு தட்டுகளில் ஒரே உணவு வைத்து, முதலில் தொடாவிட்டால் ஒரு தட்டு அகற்றப்படும், மற்றது அப்படியே இருக்கும் என்ற சோதனையில், வளர்ந்த துப்புரவு மீன்கள் கப்புச்சின் குரங்குகளையும் ஒராங்குட்டான்களையும் சிம்பன்சிகளையும் விடச் சிறப்பாகக் கற்றுக்கொண்டன. 2012இல் வெளியான இந்த ஆய்வால் மீன் குரங்கைவிட அறிவுடையது என்று ஆகிவிடாது. காத்திருக்காத வாடிக்கைக்கு முதலிடம் தரும் அந்தக் கணக்கு மீனின் அன்றாட வாழ்வில் இருக்கிறது, குரங்கின் வாழ்வில் இல்லை. அறிவு என்பதை ஒற்றைப் படிக்கட்டாக வைத்து மீனைக் கீழ்ப்படியில் நிறுத்தும் பழக்கம்தான் இதில் உடைகிறது.

இணைக்காக மீன் ஏங்குமா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. பிரான்சில் 2019இல் வெளியான ஆய்வில், கான்விக்ட் சிக்லிட் என்னும் ஒருதுணை மீனின் பெண்களுக்கு, ஒரு நிறப் பெட்டியில் இரை உண்டு, மற்றொரு நிறத்தில் இல்லை என்று கற்பித்தார்கள். பிறகு இரண்டிலும் சேராத ஒரு பெட்டியை வைத்தார்கள். தான் விரும்பிய ஆணோடு இருந்த பெண் அந்த ஐயத்துக்குரிய பெட்டியை விரைந்து திறக்க முயன்றது. விரும்பிய ஆண் அகற்றப்பட்ட பெண்ணோ தயங்கியது, நம்பிக்கை இழந்தவரைப்போல நடந்தது. காதல் என்று இதை அழைக்க ஆய்வாளர்கள் விரைய மாட்டார்கள், நானும் விரையவில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு துணையின் இன்மை மீனின் எதிர்பார்ப்பையே மாற்றுகிறது என்பது அளவிடப்பட்டுவிட்டது.

கண்ணாடியில் தெரிவது தானே என்று ஒரு விலங்கு அறிகிறதா எனப் பார்ப்பது கண்ணாடிச் சோதனை. துப்புரவு மீனிடம் செய்த அந்தச் சோதனைதான் இவற்றில் பெரிய விவாதத்தை எழுப்பியது. ஒசாகாவில் மசனோரி கோடாவின் குழுவினர், கண்ணாடிக்குப் பழகிய மீன்களின் தொண்டையில் ஒட்டுண்ணி போன்ற பழுப்புப் புள்ளியை இட்டார்கள். கண்ணாடியில் அதைக் கண்ட மீன்கள் தம் தொண்டையை அடித்தளத்தில் தேய்த்தன. 2019இல் இது வெளியானபோது, கண்ணாடிச் சோதனையை உருவாக்கிய கார்டன் கேலப் அதைத் தன்னுணர்வாக ஏற்கவில்லை. மற்றொரு மீனின்மேல் உள்ள ஒட்டுண்ணியாகவே அது கருதியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. கோடாவின் குழு 2023இல் புகைப்படங்களோடு திரும்பி வந்தது. கண்ணாடிக்குப் பழகிய மீன்கள் அறிமுகமில்லாத மீனின் படத்தைத் தாக்கின, தம் படத்தைத் தாக்கவில்லை. தன் முகத்தை வேறு மீனின் உடலில் ஒட்டிக் காட்டியபோதும் தாக்கவில்லை. வேறு மீனின் முகத்தைத் தன் உடலில் ஒட்டியபோது தாக்கின. மனிதர் தம் படத்தை அறிந்துகொள்வதுபோலவே இந்த மீனும் முகத்தைக் கொண்டே தன்னை அறிகிறது என்று கோடா வாதிடுகிறார். கேலப்பின் ஐயம் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அசையாத படம் ஒன்றில் தன் முகத்தையும் பிறர் முகத்தையும் பிரித்தறியும் உயிரிடம், தன்னைப் பற்றிய ஏதோ ஓர் அறிவு இல்லை என்று நிறுவ வேண்டிய பொறுப்பு இப்போது மறுப்பவர்கள் பக்கம் வந்திருக்கிறது.