ஒரே கூடத்தில் ஓவியமும் மரமும்

சமூகக் காட்சிக்கூடம் ஒன்றில் உள்ளூர்க் கலைஞர்களின் ஓவியங்களையும் மரச்சிற்பங்களையும் கண்காட்சிக்காக அமைக்கும் பணியில் மூன்று நாள்கள் உடனிருந்தேன். ஓவியங்களை மாட்ட ஒரு முற்பகல் போதும், சிற்பங்களை இடம் கிடைத்த இடத்தில் வைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். முதல் நாள் மாலைக்குள் அந்த எண்ணம் கலைந்துவிட்டது. ஓவியம் கேட்கும் வெளிச்சமும் மரம் கேட்கும் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இல்லை.

ஓவியத்துக்குச் சுவர் முழுவதும் சமமாகப் பரவும் வெளிச்சம் வேண்டும். தாளில் தீட்டிய நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பின் மீது விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் அளவு. வெளிச்சம் கூடக்கூட நிறம் விரைவில் வெளுக்கும்; வெளுத்த நிறம் திரும்ப வராது. மரச்சிற்பத்துக்கோ பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் ஒரு விளக்கு வேண்டும். முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் முதியவரின் சிற்பம் ஒன்று வந்திருந்தது. நேரெதிரே விளக்கைப் போட்டபோது அது வெறும் பழுப்புக் கட்டையாகத் தெரிந்தது. அதே விளக்கை இடப்பக்கம் நகர்த்தியதும் முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. தோளில் உளி பட்டுப் பட்டு நகர்ந்த சிறு பள்ளங்கள் மீன் செதில்களைப் போல வரிசையாகத் தெரிந்தன. ஆனால் அந்தக் கிழவரின் நிழல் நீண்டுபோய்ப் பக்கத்துச் சுவரில் இருந்த நீர்வண்ண ஓவியத்தின் பாதியை மூடிவிட்டது. ஓவியர் எதுவும் பேசாமல் கைகட்டி நின்றார். அதுவே போதுமானதாக இருந்தது. சிற்பத்தை இரண்டடி முன்னால் இழுத்து, விளக்கை இன்னும் மேலே ஏற்றிய பிறகே நிழல் தரையோடு நின்றது.

உயரமும் இப்படித்தான். ஓவியங்களுக்குப் பொதுவான வழக்கம் ஒன்று உண்டு: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டி இருக்கவேண்டும். சிற்பத்துக்கு அப்படிப் பொதுவிதி எதுவும் எனக்குக் கைகொடுக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு சிற்பியிடமும், செதுக்கும்போது அது எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்டு, பீடத்தை அதற்கேற்ப அமைத்தோம். பட்டறையில் அவர் கண் எங்கிருந்து பார்த்ததோ அங்கிருந்து பார்ப்பதே நியாயம் என்று எனக்குப் படுகிறது. எல்லாப் பீடங்களும் ஒரே உயரத்தில் வரிசைகட்டி நிற்கும் கண்காட்சிகள் எனக்குக் கிடங்கையே நினைவூட்டுகின்றன.

இரண்டாம் நாள் காலையில்தான் உண்மையான தொல்லை வந்தது. இரவு முழுவதும் அணைக்க மறந்த விளக்கின் சூட்டில், கிழவரின் விலாவில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு விட்டிருந்தது. மறந்தவன் நான்தான். மரம் ஈரத்தை இழக்கும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. வளையங்களின் சுற்றுவாக்கில் ஏற்படும் சுருக்கமோ, நடுவிலிருந்து வெளிநோக்கி ஏற்படும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே நடுத்தண்டோடு சேர்த்துச் செதுக்கிய முழுக்கட்டை, உலரும்போது வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிப் பிளக்கவே பார்க்கும். இதை அறிந்துதான் 15ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சிற்பிகள் பெரிய மர உருவங்களின் முதுகைக் குடைந்து உள்மரத்தை எடுத்துவிட்டார்கள். ஜப்பானின் நாரா நகரில் தோதாய்ஜி ஆலயத்தின் தெற்குப் பெருவாயிலில் நிற்கும் இரு காவல் தெய்வங்களையும், சிற்பிகளான உன்கெய், கைகெய் ஆகியோரின் குழு 1203இல் பல மரத்துண்டுகளை இணைத்தே உருவாக்கியது. ஒவ்வொன்றும் 8 மீட்டருக்கு மேல் உயரம். எங்கள் கிழவரோ ஒரே கட்டை, குடையப்படாதவர்.

சிற்பிக்குத் தகவல் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. அவர் வந்து வெடிப்பில் விரல்நகத்தை விட்டுப் பார்த்தார். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடலாமா என்று கேட்டேன். இப்போது அடைத்தால், ஈரக்காற்று திரும்பி மரம் உப்பும்போது அந்த அடைப்பே பக்கங்களை நெருக்கி வேறொரு இடத்தில் பிளக்கவைக்கும் என்றார். பிறகு பீடத்தைக் கால்வட்டம் திருப்பினார். அதுவரை சுவரைப் பார்த்திருந்த வெடிப்பு, வாசலில் நுழைவோரின் பக்கம் வந்தது. விளக்கை மட்டும் தள்ளி வைக்கச் சொன்னார்.

கண்காட்சி நடந்த நாள்களில் தினமும் காலையில் அந்த வெடிப்பின் கீழ்முனையைப் பென்சிலால் குறித்திருந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசி நாள் வரை அது குறியைத் தாண்டவில்லை.